தட்டம்மா பார்த்த வட்டம்

அந்தக் கல்லூரியின் நுண்ணுயிரியல் லேபில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. அதைத் தினமும் பார்ப்பவள், அதற்கு எதிரே கையெழுத்துப் போடும் அவள் ஒருத்திதான். பேராசிரியரில் தொடங்கி வாசல் காவலாளி வரை மற்ற எல்லோருக்கும் அவள் தட்டம்மா. சோற்றுத் தட்டு என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளங்கை அகலத்தில், மூடியோடு இருக்கும் கண்ணாடித் தட்டு. அதில் பூஞ்சைக்குத் தீனியான கூழை இளஞ்சூட்டில் ஊற்றி, ஆறவிட்டு, அடுக்கி வைக்க வேண்டும். வேலை முடிந்து வரும் தட்டுகளை நீராவியில் அவித்து, உள்ளே வளர்ந்திருப்பதைக் கொன்று, தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவள் செய்துவந்த வேலை இதுதான்.

வந்ததென்னவோ இரண்டு மாதத்துக்கு. லீவில் போன ஒருவருக்குப் பதிலாக, பத்தாவது பாஸ் என்ற ஒரே தகுதியோடு வந்தாள். லீவில் போனவர் அப்படியே வேறு ஊருக்குப் போய்விட்டார். இவளைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. காரணம், இவள் ஊற்றிய தட்டில் ஒரு குமிழி இருக்காது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று இருக்காது. எம்.எஸ்ஸி. படிக்க வந்த பிள்ளைகள் முதல் வாரம் ஊற்றும் தட்டுகளைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொண்டு, "பரவாயில்ல கண்ணு, அடுத்ததுல வந்துடும்" என்பாள்.

ஊற்றுவதைவிடப் பெரிய வித்தை ஒன்று அவளிடம் இருந்தது. பூஞ்சை தூவிய தட்டின் நடுவே, மருந்தில் நனைத்த ஒரு சின்னக் காகித வில்லையை வைப்பார்கள். சில நாளில் தட்டு முழுக்கப் பஞ்சு பறந்ததுபோல் பூஞ்சை படரும். மருந்துக்குச் சக்தி இருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராமல் ஒரு வட்டம் தெளிந்து நிற்கும். வட்டம் எவ்வளவு அகலமோ மருந்து அவ்வளவு வீரியம். ஆனால் அந்த வட்டத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்வது லேசு இல்லை. மங்கலாக, மூச்சு பட்ட கண்ணாடிபோல் இருக்கும். படித்தவர்கள் ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். தட்டம்மா தட்டை வெளிச்சத்துக்கு ஒருக்களித்துப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, நகத்தால் இடத்தைக் காட்டுவாள். பேராசிரியரே அதற்குமேல் பேசமாட்டார். அளவுகோலை அவள் நகம் இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழுதிக்கொள்வார்.

அச்சாகி வந்த கட்டுரை எதிலும் அவள் நகத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன். வருத்தம் இருந்தது. அதை வீட்டில் ஒரே ஒருவரிடம்தான் இறக்கி வைப்பாள். அந்த ஒருவர், அவள் புருஷன், இதற்கென்றே ஒரு பட்டம் வைத்திருந்தார். வேலை முடிந்து படியேறும்போதே, "வாங்க டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை கிருமியைக் கொன்னீங்க?" என்பார். அவள் முறைப்பாள். முறைப்புக்குள்ளே ஒரு குளிர்ச்சி இருக்கும். உலகத்தில் ஒரு மனுஷனாவது, கிண்டலாகவாவது, அவளை அப்படிக் கூப்பிட்டாரே.

அவர் சமையல்காரர். பெரிய ஆலை ஒன்றின் கேன்டீனில் இருபத்து நாலு வருஷமாகக் கரண்டி பிடித்தவர். ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் அண்டா. அதைக் கிண்ட இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து உடம்பு முழுவதையும் ஆட்ட வேண்டும். வேர்த்துக் கொட்டும், சட்டைக் கை நனையும், நனைந்தது உடம்போடு ஒட்டிக்கொண்டு காயும், மறுபடி நனையும். அந்த ஈரத்தில்தான் முதலில் வலது முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. நடுவில் வெளுத்து, ஓரத்தில் சிவந்து, பொருக்குப் பொருக்காக. படர்தாமரை.

மருந்துக் கடையில் போய்க் கையைக் காட்டினார். கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார். போட்ட மூன்றாம் நாளே அரிப்பு போய், தோல் பளபளவென்று ஆனது. நிறுத்திய பத்தாம் நாள் ஒன்று இருந்த இடத்தில் மூன்று வந்தது. மறுபடி டியூப். மறுபடி பளபளப்பு. மூன்றாவது முறை இரண்டு முன்னங்கையும் மணிக்கட்டு முதல் முழங்கை வரை வளையம் வளையமாகப் பரவிவிட்டது. அரிப்பு தாங்காமல் துடுப்பின் கட்டையிலேயே கையைத் தேய்த்துக்கொள்வாராம். இதை அவர் சொல்லவில்லை, கூட வேலை செய்கிறவர் ஒருவர் தட்டம்மாவைத் தெருவில் பார்த்தபோது சொன்னார்.

கேன்டீன்காரர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், அட்டையில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லாதவன் அடுப்பு பக்கம் போகக்கூடாது. அந்த முறை பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தோல் டாக்டரிடம் போகலாம் என்று அவர் சொன்னார். நல்ல யோசனைதான். அப்படியே போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

தட்டம்மா வேண்டாம் என்றாள். டாக்டர் மாத்திரை கொடுப்பார், ஆறு வாரம் எட்டு வாரம் என்று இழுக்கும், பன்னிரண்டு நாளில் ஆகிற காரியமா என்றாள். அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை வாயால் சொல்லவில்லை. அவளுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று தெரியும்.

அந்த வருஷம் லேபில் ஒரு ஆராய்ச்சிப் பெண் சேர்ந்திருந்தாள். செடிகொடிகளிலிருந்து வடித்த எண்ணெய்கள் படர்தாமரைப் பூஞ்சையை எப்படிக் கொல்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. எலுமிச்சைப்புல், கிராம்பு, ஓமம், துளசி, யூகலிப்டஸ், லவங்கப்பட்டை என்று வரிசையாகச் சின்னச் சின்னக் கறுப்பு பாட்டில்கள். ஒவ்வொன்றையும் தண்ணீர்போல் நீர்க்க ஒன்று, கொஞ்சம் திக்காக ஒன்று, கலப்பே இல்லாத முழு எண்ணெய் ஒன்று என்று பிரித்து வைத்திருந்தாள். லேபுக்குள் நுழைந்தாலே பலசரக்குக் கடைக்குள் வந்துவிட்டதுபோல் இருக்கும். எட்டு மாதம் தட்டம்மா அவளுக்குத் தட்டு ஊற்றினாள், வட்டம் பார்த்தாள். பட்டை எண்ணெய்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. நீர்க்க விட்டதற்கே நல்ல வட்டம். கலப்பில்லாத முழு எண்ணெய்க்கு வட்டமே இல்லை, தட்டு முழுக்கத் தெளிந்து கிடந்தது. கழுவிக் காயவைத்த தட்டுபோல் இருந்ததைப் பார்த்து ஆராய்ச்சிப் பெண் துள்ளிக் குதித்தாள். தட்டம்மாவுக்கும் ஒரு பூரிப்பு.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. இந்த எண்ணெய்கள் காற்றில் பறந்துபோகும் ஜாதி. மூடி வைத்தாலும் இடுக்கு வழியாக ஆவி வெளியேறிவிடும், வட்டம் சுருங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தட்டின் விளிம்பையும் இழுத்தால் நீளும் ஒரு மெழுகுத் தாளால் இறுக்கிச் சுற்ற வேண்டும். முதலில் சுற்றாமல் விட்ட பன்னிரண்டு தட்டும் பாழாய்ப் போனதைக் கண்டு, சுற்றினால் என்ன என்று கேட்டவளே தட்டம்மாதான். அதற்குப் பிறகு சுற்றுவது அவள் பொறுப்பாயிற்று.

புருஷனுடைய கையை நினைத்துக்கொண்டு, யாருக்கோ கேட்பதுபோல் ஒருநாள் ஆராய்ச்சிப் பெண்ணிடம் பேச்சை எடுத்தாள். இதையே கையில் காலில் போட்டால் என்ன என்று. அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஐயோ அக்கா, அதெல்லாம் நாங்க இன்னும் பாக்கவே இல்ல. இது தட்டு. தோல் வேற" என்றாள்.

தட்டம்மா தலையாட்டினாள். மனசுக்குள் மட்டும், சின்னப் பெண், எட்டு மாத அனுபவம், பயப்படுகிறது என்று நினைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷ அகங்காரம் என்று இதைச் சொல்லலாம். சொல்லாமலும் விடலாம். இத்தனை வருஷம் தன் கண்ணை நம்பியே பிழைத்தவள், அந்தக் கண் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பாள்?

அந்த வெள்ளிக்கிழமை, பழைய பாட்டில்களில் மிச்சம் இருந்ததைக் கழிவுக் கேனில் ஊற்றச் சொல்லி அவளிடம் கொடுத்தார்கள். கலப்பில்லாத பட்டை எண்ணெயில் கால் பாட்டில் இருந்தது. அதை ஊற்றவில்லை. லேபுக்குள் இருப்பது எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது அவளே புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் பாடம். அன்று அது அவள் கைப்பைக்குள், கைக்குட்டையில் சுற்றி, கேட்டைத் தாண்டியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பஞ்சில் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு வளையமாகத் தடவினாள். வளையங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருந்ததால் கடைசியில் முன்னங்கை இரண்டும் முழுக்கவே தடவும்படி ஆயிற்று. வீடு முழுக்க வாசனை. அவர் மூக்கை உறிஞ்சி, கையை எடுத்து அப்படியே குழம்பில் போட்டுவிடலாம்போல் இருக்கிறதே என்றார். அவளும் சிரித்தாள். பிறகு கேன்டீனில் சாப்பாட்டை மூட அவர் கொண்டுவந்து வைத்திருந்த பிளாஸ்டிக் தாளை உருவி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுற்று சுற்றாக, காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றினாள். இரண்டு கைக்கும்.

பத்து நிமிஷத்தில் அவர் எரிகிறது என்றார். எரியத்தான் செய்யும், உள்ளே அதுகள் சாகிறதல்லவா என்றாள். அரை மணி கழித்து ரொம்ப எரிகிறது என்றார். அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எட்டு மாதம் பார்த்த மருந்து என்றாள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்டா பக்கத்தில் இருபத்து நாலு வருஷம் நின்றவருக்கு எரிச்சலைப் பொறுப்பது பழக்கம். அதைவிட, டாக்டரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். கிண்டல் செய்தவர்தான் அதிகமாக நம்பினார். இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாளைப் பிரித்தாள். கை இரண்டும் வெந்த நிறத்தில் இருந்தன. தாள் சுற்றிய இடத்தில் எங்கே பார்த்தாலும் நீர்கோத்த கொப்புளங்கள். ஒன்று தாளோடு ஒட்டிக்கொண்டு வந்து, அவள் கண்ணெதிரே உரிந்தது. ஓடிப்போய்க் குழாயைத் திறந்து அவர் கையை அதன் அடியில் பிடித்தாள். அவர் வலியில் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவர் திட்டவில்லை.

மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்ட, நிதானமாகப் பேசுகிற மனிதர். அந்த ஆஸ்பத்திரியின் சாம்பிள்கள் அவள் லேபுக்குத்தான் வரும். வருஷத்தில் இரண்டு மூன்று முறை அவரே லேபுக்கு வந்து போவார். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, லேபில் வட்டம் பார்க்கிறவர் நீங்கள்தானே, பேராசிரியர் சொல்லியிருக்கிறார் என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கவிழ்த்தது. மறு நிமிஷமே டாக்டர், கையில் என்ன போட்டீர்கள் என்று கேட்டபோது அவள் வாய் தானாக, "ஒண்ணும் போடலைங்க. கடை ஆயின்மென்ட் மட்டும்தான்" என்றது.

புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு டாக்டரிடம், சமையல்கட்டில் ஏதாவது பட்டிருக்கும் என்று அவரே சேர்த்துச் சொன்னார்.

டாக்டருக்கு அது புரியவில்லை. முதலில் கடை ஆயின்மென்டுக்காக ஒரு பாட்டம் திட்டினார். அது அரிப்பை அடக்கிவிட்டு உள்ளே பூஞ்சையைக் கொழுக்க வைக்கும் சரக்கு என்றார். ஆனால் இந்தக் கொப்புளம் அதனால் வந்தது இல்லை என்று தலையை ஆட்டினார். கொப்புளம் இல்லாத ஓரத்தில், வளையம் மிச்சமிருந்த இடத்தில், பிளேடால் மெல்லச் சுரண்டிப் பொருக்கை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்தார். புண்ணுக்குக் களிம்பும் பூஞ்சைக்கு மாத்திரையும் எழுதினார். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். அதுவரை அடுப்பு கூடாது.

கேன்டீனில் அவரை டோக்கன் வாங்கும் மேஜையில் உட்காரவைத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு டோக்கனை வாங்கி ஆணியில் குத்துவது வேலை. அண்டா பக்கம் ஒரு புது ஆள் நின்றான். குழம்பு தீய்கிற வாடை மேஜை வரை வரும், எழுந்து போய்ச் சொல்ல முடியாது. இதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

வீட்டில் சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவர் எப்போதும்போல் பேசினார். சாப்பிட்டாயா, மழை வரும்போல, குடையை எடுத்துக்கொண்டு போ. ஒன்று மட்டும் நின்றுபோயிருந்தது. படியேறி வரும்போது டாக்டரம்மா என்ற சத்தம் இல்லை. கிருமிக் கணக்குக் கேட்பதில்லை. அவள் கதவைத் திறந்ததும், "வந்துட்டியா" என்பார். அவ்வளவுதான். வேண்டுமென்று அவர் அதை விடவில்லை என்று அவளுக்குத் தெரியும். வாயில் வரவில்லை, அதனால் சொல்லவில்லை. அதுதான் அவளைப் போட்டு வாட்டியது. பத்தொன்பது வருஷம் முறைத்த வார்த்தைக்காக இப்போது படியில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்று பார்த்தாள்.

அந்தப் பொருக்கு லேபுக்கு வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். அவரது சீட்டில் பார்த்த எண்ணை அவள் மறக்கவில்லை. அதற்கான தட்டை ஊற்றியதும் அவள்தான். குமிழி இல்லாமல், மேடு பள்ளம் இல்லாமல், எப்போதும்போல் அழகாக ஊற்றினாள். பன்னிரண்டாம் நாள் தட்டை எடுத்தபோது நடுவில் வெள்ளைப் பஞ்சு உருண்டை ஒன்று பூத்து நின்றது. நல்ல திடமான வளர்ச்சி. அவ்வளவு எண்ணெய், அவ்வளவு எரிச்சல், அவ்வளவு தோல் உரிந்தும், பூஞ்சைக்கு ஒன்றும் ஆகவில்லை. தோல்தான் செத்தது.

விதி அத்தோடு விடவில்லை. புதுச் சாம்பிள்களிலும் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்று ஆராய்ச்சிப் பெண் அந்த எண் போட்ட சாம்பிளையும் கேட்டு வாங்கினாள். பட்டை எண்ணெய் வில்லையை வைத்து, விளிம்பைச் சுற்றித் தரச் சொன்னாள். தட்டம்மாவின் விரல்கள் அந்த மெழுகுத் தாளை இழுத்து ஒரு சுற்று சுற்றின. இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டன. இதேபோல்தான், இதே விரலால்தான், அன்று மதியம் சுற்றினாள். எப்படியோ முடித்துக் கொடுத்துவிட்டு, கழுவும் அறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். தட்டில் வட்டம் பெரிதாகத் தெளியும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரத்தில் அப்படியே தெளிந்தது. அவள் பார்த்தது பொய் இல்லை. ஆனால் தட்டுக்கு வலிக்காது, கொப்புளம் வராது. எரிகிறது என்று தட்டு சொல்லாது. எரிகிறது என்று சொன்னவரைத்தான் அவள் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மூன்று வாரம் முடிந்தது. புண் ஆறி, கை முழுக்க இளஞ்சிவப்பாக, புதுத் தோல் மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடவா என்று அவரிடம் கேட்டாள். அவர் டோக்கன் குத்திய கையைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"விடு" என்றார். "லேபுலேர்ந்து எடுத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சா உன்னைத் தட்டுகிட்ட விடுவாங்களா? உனக்கு வேற என்ன தெரியும்? எனக்காச்சும் டோக்கன் இருக்கு."

கை வெந்தவர் தன் கையைப் பற்றி நினைக்கவில்லை, அவள் கண்ணைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று வாரமாக.

டாக்டர் இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பூஞ்சை அடங்கி வருகிறது, மாத்திரையைத் தொடர வேண்டும் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, கொப்புளத்தைப் பற்றித் தான் யோசித்ததைச் சொன்னார். மணிக்கட்டில் தொடங்கி முழங்கையில் நிற்கிறது, இரண்டு கையிலும் ஒரே அளவு. அப்படியென்றால் வேலையில் கை முங்குகிற ஏதோ ஒன்று. பாத்திரம் கழுவும் தூளோ, மசாலாவோ, எதுவென்று தெரியவில்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பொருள். மறுபடி பட்டால் இதைவிட மோசமாக வரும். ஆகவே சமையலறை வேலைக்கே இனி இவருக்குத் தகுதி இல்லை என்று எழுதித் தருகிறேன், உங்கள் நல்லதுக்குத்தான் என்றார். அவர் கொண்டுவந்திருந்த கேன்டீன் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்தார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். இருபத்து நாலு வருஷக் கரண்டிக்கு அந்த ஒரு சரி.

தட்டம்மா அந்தப் பேனாவைப் பார்த்தாள். அது காகிதத்தில் தொட்டு, முதல் வார்த்தை பாதி எழுதியாகிவிட்டது. எண்ணெய் போட்டவள் அவள். அடுப்புக்கும் மசாலாவுக்கும் இதில் என்ன சம்பந்தம்? செய்யாத குற்றத்துக்கு அந்த அண்டாவையும் அவரையும் பிரிக்கப்போகிறார்கள்.

"அது சமையல்கட்டு இல்லைங்க" என்றாள். "நான்தான் போட்டேன். பட்டை எண்ணெய். கலக்காதது. லேபுலேர்ந்து எடுத்துட்டுப் போனேன்."

பேனா நின்றது. புருஷன் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் கையை விலக்கிக்கொண்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு நேரம் வச்சீங்க?"

"ரெண்டு மணி நேரம். பிளாஸ்டிக் தாளைச் சுத்தி."

"தாளா? ஏம்மா சுத்துனீங்க?"

அவள் புருஷனின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தட்டுக்கு அப்படித்தாங்க சுத்துவோம்."

டாக்டர் கோபப்பட்டிருக்கலாம். கோபம் வரவில்லை, முகம் மட்டும் வாடிவிட்டது. எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். இது ஒத்துக்கொள்ளாமை இல்லை, எண்ணெயால் தோல் வெந்த புண்தான், ஆறினால் தீர்ந்தது என்றார். இன்னும் நாலு வாரம் மாத்திரை, காற்றோட்டமான சட்டை, நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டை. அதற்குப் பிறகு அடுப்புக்குப் போகலாம். அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசியில், லேபில் தான் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று இழுத்தார். அவள் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள்.

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆராய்ச்சிப் பெண் எச்சரித்ததையும் சேர்த்துச் சொன்னாள், பழி அந்தப் பிள்ளைமேல் விழக்கூடாது என்று. பேராசிரியர் நல்லவர்தான். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் தட்டுகளை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சாமான் கிடங்கு ஒன்று உண்டு. காலி குடுவை, காலி குழாய், அட்டைப் பெட்டி. அதன் சாவிக் கொத்தைக் கொடுத்தார். இனி மேலே வரவேண்டாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த அளவுகோலைப் பார்த்தார்.

அவள் மேஜையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஆராய்ச்சிப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. தட்டம்மா அவள் தோளில் கை வைத்து, எழுதும்போது இது தட்டில் பார்த்தது மட்டும்தான் என்று பெரிதாக எழுது, கண்ணில் படுகிற மாதிரி எழுது என்றாள். பிறகு படியிறங்கிக் கிடங்குக்குப் போனாள். அங்கே ஜன்னல் இல்லை. பார்க்கவும் எதுவும் இல்லை.

சாயங்காலம் வீட்டுப் படியேறினாள். சாவிக் கொத்து கைப்பைக்குள் சத்தம் போட்டது. கதவு திறந்திருந்தது. அவர் நாற்காலியில், அன்று உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு. இத்தனை நாளும் அவரேதான் போட்டுக்கொண்டார். வலது கைக்கு இடது கை, இடதுக்கு வலது. அவள் கேட்கத் துணியவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

சாவியை மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். என்ன சாவி என்று கேட்கவில்லை. இரண்டு கையையும் அவள் பக்கம் நீட்டினார்.

"போட்டு விடு, டாக்டரம்மா."

அவளுக்கு அழுகை வந்தது. வந்ததை அவள் மறைக்கவில்லை. பிறகு டியூபை எடுத்து, விளக்கடியில் போய், அதன்மேல் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நிதானமாகப் படித்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். விரல் நுனியில் தொட்டுக்கொண்டு வந்து, அந்தப் புதுத் தோலில் வைப்பதற்கு முன்னால், எரிந்தால் உடனே சொல்லுங்கள் என்றாள்.